கெல்ட்டியர் சமயம்: எந்த நூற்றாண்டு, எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பண்டைய கெல்ட்டியரின் சமய நம்பிக்கைகள், சடங்குகள் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தமிழில் அதிகம் பேசப்படாத பொருள். இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரையில் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், ஜூலியஸ் சீசர், அயர்லாந்தின் சௌவின் இரவு, ஆண்டுக்கு எட்டுத் திருவிழா என்று எல்லாமே ஒரே ஊரில் ஒரே தலைமுறையில் நடந்தவை போல அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றில் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது. பள்ளி மாணவர்களும் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களும் தங்கள் இணைப்பை வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கெல்ட்டியர் என்று ஒரு நாடோ பேரரசோ இருந்ததில்லை. உறவுள்ள மொழிகளைப் பேசிய நூற்றுக்கணக்கான குலங்களுக்குப் பொதுவாக நாம் வைத்திருக்கும் பெயர் அது. அயர்லாந்து, பிரிட்டன் தொடங்கி, ரோமானியர் காலியா என்றழைத்த இன்றைய பிரான்ஸ், தென் ஜெர்மனி, ஸ்பெயினின் சில பகுதிகள் வழியாக, இன்றைய துருக்கியில் அங்காராவைச் சுற்றிய நிலம் வரை அவர்கள் பரவியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் பொதுவான வேதமோ, தலைமைக் குருவோ, கோயில் அமைப்போ இருந்ததற்குச் சான்று இல்லை.

சான்றுகள் மூன்று வகை. முதலாவது, கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் எழுதியவை, பெரும்பாலும் கி.மு. முதல் நூற்றாண்டும் கி.பி. முதல் நூற்றாண்டும், பெரும்பாலும் காலியாவைப் பற்றியவை, எல்லாமே வெளியாட்களின் எழுத்து. இரண்டாவது, மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்தவை: ஆயுதம், எலும்பு, மரச் சிற்பம், கல்வெட்டு, ஈயத் தகடு. மூன்றாவது, அயர்லாந்திலும் வேல்ஸிலும் இடைக்காலத்தில் எழுதப்பட்ட கதைகள். அயர்லாந்துக் கதைகளை எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். இன்று கையில் இருக்கும் பெரிய கதைத் தொகுதிச் சுவடிகளில் மிகப் பழையது கி.பி. 1100 வாக்கிலானது. சீசருக்கும் அந்தச் சுவடிக்கும் நடுவே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. மூன்றையும் கலக்கலாம், கலக்கும்போது எது எங்கிருந்து வந்தது என்று சொல்லியே கலக்க வேண்டும்.

ஸ்டோன்ஹெஞ்ச் பற்றி ஒரு பத்தி போதும். அங்கே முதல் வேலை தொடங்கியது கி.மு. 3000 வாக்கில், பெரிய கற்களை நிறுத்தியது கி.மு. 2500 வாக்கில். ட்ரூயிட் எனப்பட்ட கெல்ட்டியக் குருமார் வரலாற்றில் தலைகாட்டுவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது பழைய இடம். ட்ரூயிடுகளை அதோடு சேர்த்துப் பேசியவர்கள் இங்கிலாந்தின் பழம்பொருள் ஆய்வாளர்களான 17ஆம் நூற்றாண்டின் ஜான் ஆப்ரியும் 18ஆம் நூற்றாண்டின் வில்லியம் ஸ்டூக்லியும். கதிரியக்கக் கரிமத்தால் காலம் கணிக்கும் முறை இல்லாத நாளில் அவர்கள் செய்த ஊகம் அது. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறையும் இப்படித்தான்; குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் (ஆண்டின் மிகக் குறுகிய பகல்) அதற்குள் சூரிய ஒளி நுழைவது உண்மை, ஆனால் அதைக் கட்டியது கி.மு. 3200 வாக்கில் வாழ்ந்த வேறு மக்கள்.

ட்ரூயிடுகளைப் பற்றி இன்று நாம் படிக்கக் கிடைக்கும் விரிவான பழைய விவரம் சீசருடையது. கி.மு. 58 முதல் 50 வரை காலியாவைப் போரிட்டுப் பிடித்தவர் அவர். அவர் சொல்வது இது: ட்ரூயிடுகள் பலிகளை நடத்துவார்கள், கொலை, வாரிசுரிமை, எல்லைத் தகராறு ஆகியவற்றில் தீர்ப்புச் சொல்வார்கள், தீர்ப்பை ஏற்காதவனைப் பலிச் சடங்கிலிருந்து விலக்கி வைப்பார்கள், அப்படி விலக்கப்பட்டவனிடம் யாரும் பேச மாட்டார்கள், அவன் வழக்கை யாரும் கேட்க மாட்டார்கள். ட்ரூயிடுகளுக்குப் போர்க் கடமையும் வரியும் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை கார்னூட் குலத்தாரின் நிலத்தில், காலியாவின் நடுப்பகுதி என்று கருதப்பட்ட புனித இடத்தில் கூடுவார்கள். பாடம் முழுவதும் செய்யுளாக மனப்பாடம். சிலர் இருபது ஆண்டுகள் பயில்வதுண்டு. சாத்திரத்தை எழுதக் கூடாது என்றாலும் மற்றக் கணக்கு வழக்குகளுக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார்கள்.

இந்த விவரங்களை அப்படியே ஒதுக்குவதும் தவறு, அப்படியே விழுங்குவதும் தவறு. ஒரு செய்தியைக் கவனியுங்கள். எடூயி குலத் தலைவர் டிவிசியாகஸ் சீசரின் நெருங்கிய கூட்டாளி. போர்க் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறார். அவர் ஒரு ட்ரூயிட் என்று நமக்குச் சொல்வது சீசர் அல்ல, ரோமானியப் பேச்சாளர் சிசரோ. டிவிசியாகஸ் ரோமுக்கு வந்திருந்தபோது அவரைச் சந்தித்து, இயற்கையின் போக்கைக் கற்றவர், குறி பார்த்து வருவதுரைப்பவர் என்று சிசரோ எழுதினார். தம்மோடு பேச்சுவார்த்தைக்கும் படைக்கும் வந்த மனிதரைப் பற்றி இதைச் சீசர் விட்டுவிட்டார். அவருடைய ஆறாம் புத்தகத்தில் வரும் ட்ரூயிட் சித்திரம் ரோமானிய வாசகருக்காக வெட்டி ஒட்டியது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. கிரேக்க புவியியலாளர் ஸ்ட்ராபோ, பாடகர், குறி சொல்பவர், ட்ரூயிட் என்று மூன்று வகுப்பாரைப் பிரித்துச் சொல்கிறார். சீசரிடம் இந்தப் பிரிவே இல்லை.

தங்கள் கட்டுரையின் பெரிய படம், மிலாறால் பின்னிய மாபெரும் மனித உருவத்துக்குள் ஆட்களை அடைத்து எரிக்கும் காட்சி. அது பழங்காலத்துச் சித்திரமோ சிற்பமோ இல்லை. 1676இல் லண்டனில் அச்சான ஒரு நூலுக்காகச் செதுக்கிய கற்பனைப் படம். எரிப்பு பற்றிய செய்தி சீசரிடமும் ஸ்ட்ராபோவிடமும் இருக்கிறது. இருவருக்கும் பொதுவான மூலமாக, காலியாவில் பயணம் செய்த கிரேக்க அறிஞர் பொசிடோனியஸின் இன்று கிடைக்காத நூலைப் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் இரண்டு சாட்சிகள் என்று நாம் எண்ணுவது ஒரே சாட்சியாகிவிடும். எரிந்த உருவம் மண்ணில் தடயம் விடாமல் போகலாம் என்பதும் உண்மை. எனவே "எழுத்தில் உண்டு, நிலத்தில் கிடைக்கவில்லை" என்று படத்தின் கீழே போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

மனித உயிர்ப்பலியே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் செஷயரில் லிண்டோ சதுப்பில் 1984இல் கிடைத்த ஆணின் உடல், லிண்டோ மனிதர், நடந்திருக்கலாம் என்பதற்குப் பலரும் காட்டும் சான்று. வயது இருபதுகளில், மண்டையில் அடி, கழுத்தைச் சுற்றி விலங்கு நரம்பால் ஆன கயிறு, கழுத்தில் வெட்டு. வயிற்றில் சுட்ட ரொட்டியும் சில புல்லுருவி மகரந்தத் துகள்களும் இருந்தன. புல்லுருவி என்றதும் ட்ரூயிட் பலி என்று முடிவு கட்டினார்கள் சிலர். மகரந்தம் காற்றிலும் குடிநீரிலும் சேரக்கூடியது. சில துகள்களை வைத்துச் சடங்கு உணவு என்று தீர்க்க முடியாது. கழுத்துக் கயிறு கழுத்தணியாகவும் இருக்கலாம் என்ற வாதமும் உண்டு. கரிமக் காலக் கணிப்பும் கி.மு. கடைசி நூற்றாண்டிலிருந்து கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அலைகிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவரை "ட்ரூயிட் இளவரசன்" என்று கட்டுரை எழுதியது. அதற்கு ஆதாரம் இல்லை.

பலிச் சடங்குகள் எப்படி நடந்தன என்பதற்கு உறுதியான சான்று வேண்டுமானால் வடக்கு பிரான்ஸுக்குப் போக வேண்டும். கட்டுரையில் இந்த இடம் ஒரு வரிகூடப் பெறவில்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை. கூர்னே-சுர்-அரோந்த் என்ற ஊரில் 1975 முதல் ழான்-லூயி புருனோ தலைமையில் அகழ்ந்த கோயில் வளாகம் அது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. பெல்லோவாசி குலத்தாரின் நிலம். சுமார் 45 மீட்டருக்கு 38 மீட்டர் நாற்கோணம், சுற்றிலும் ஏறத்தாழ 2 மீட்டர் ஆழ அகழி, அதற்கு வெளியே மர வேலி, கிழக்கே ஒரே வாசல். நடுவில் ஒரு பெரிய பள்ளம். அதைச் சுற்றிச் சிறு பள்ளங்கள். சீசருக்கு இரு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே சடங்கு ஒழுங்காக நடந்திருக்கிறது, எந்த ரோமானியரும் பார்த்து எழுதாமலேயே.

எலும்புகளை அடுக்கடுக்காக ஆராய்ந்ததில் இரண்டு வேறு பலி முறைகள் தெரிந்தன. ஆட்டுக்குட்டியும் இளம் பன்றியும் விருந்துக்கு. எலும்பில் வெட்டுத் தடம் இருக்கிறது, நல்ல இறைச்சிப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. மாடுகள் வேறு கணக்கு. உழைத்து முதிர்ந்த எருதுகளும் பசுக்களும் கொல்லப்பட்டு, தோலோடும் தசையோடும் முழு உடலாக நடுப்பள்ளத்தில் இறக்கப்பட்டன. யாரும் அவற்றை உண்ணவில்லை. ஆறு முதல் எட்டு மாதம் வரை அங்கேயே அழுகவிட்டார்கள். பிறகு பள்ளத்தைச் சுத்தம் செய்து, மண்டை ஓடுகளைத் தனியே பிரித்து வாசல் பக்கம் வைத்தார்கள்; மற்ற எலும்புகள் வாசலின் இருபுறமும் அகழிக்குள் போயின. பள்ளம் அடுத்த மாட்டுக்குத் தயார். மண்ணுக்குக் கீழே இருக்கும் தெய்வத்துக்கு உணவு என்று அகழாய்வாளர்கள் இதை விளக்குகிறார்கள். நாற்றத்தோடும் ஈக்களோடும் மாதக்கணக்கில் நடந்த வழிபாடு இது. வெள்ளை அங்கி அணிந்த முதியவர் சோலையில் நிற்கும் படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

அதே அகழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதத் துண்டுகள் கிடைத்தன: வாள், உறை, ஈட்டி முனை, கேடயத்தின் இரும்புக் குமிழ். துருப் பிடித்த விதமும் விழுந்து கிடந்த வரிசையும் ஒரு முறையைக் காட்டின. போரில் பிடித்த ஆயுதங்களை முதலில் வாசலிலும் வேலியிலும் தொங்கவிட்டார்கள். ஆண்டுகள் போகத் தோல் பட்டையும் மரப்பகுதியும் மக்கி ஆயுதம் கீழே விழும். விழுந்ததை எடுத்து, வாளை வளைத்து, கேடயக் குமிழை அடித்து நசுக்கி, இனி யாராலும் பயன்படுத்த முடியாதபடி ஆக்கி அகழியில் போட்டார்கள். போரில் பிடித்ததைப் புனித இடத்தில் குவித்து வைப்பார்கள், அதைத் திருடுபவனுக்குக் கொடிய தண்டனை உண்டு என்று சீசர் எழுதியதற்கு இது அருமையான பொருத்தம். இங்கே எழுத்தும் மண்ணும் ஒத்துப்போகின்றன. காம்பியேன் நகரின் விவெனெல் அருங்காட்சியகத்தில் அந்த வளைந்த வாள்களைப் பார்க்கலாம்.

கூர்னேயிலிருந்து வடக்கே ரிப்மோன்-சுர்-ஆங்க்ரில் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு வளாகம். நூற்றுக்கணக்கான ஆண்களின் உடல்கள் ஆயுதங்களோடு. தலைகள் மட்டும் இல்லை. வளாகத்தின் மூலையில் நீண்ட கை, கால் எலும்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் அளவில் சதுர மேடை கட்டியிருந்தார்கள். இவர்கள் பெரும்பாலும் போரில் இறந்தவர்கள் என்பதால் இதை உயிர்ப்பலி என்று எழுதக் கூடாது. வெற்றிச் சின்னமாக மாற்றிய உடல்கள் என்பதே நிலத்துக்கு நெருங்கிய விளக்கம்.

தலைகள் எங்கே போயின? எதிரியின் தலையை வெட்டிக் குதிரைக் கழுத்தில் மாட்டி எடுத்துவந்து, முக்கியமானவர்களின் தலையைத் தேவதாரு எண்ணெயில் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து விருந்தினருக்குக் காட்டுவார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதினார். நெடுங்காலம் இதை ரோமானியக் கட்டுக்கதை என்றே பலர் தள்ளினார்கள். தென் பிரான்ஸின் லெ கைலார் என்ற இடத்தில் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் மண்டை ஓட்டுத் துண்டுகள் ஆயுதங்களோடு கிடைத்தன. அவற்றில் 11 துண்டுகளை வேதியியல் முறையில் சோதித்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள்: ஆறில் ஊசியிலை மரப் பிசினின் தடயம் இருந்தது. ஒப்பிடுவதற்காகச் சோதித்த விலங்கு எலும்புகளில் அது இல்லை. டியோடோரஸ் இந்த இடத்தில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். ரோமானிய, கிரேக்க எழுத்தை மொத்தமாகப் பொய் என்று தள்ளும் புதிய பழக்கத்துக்கும் இது பதில்.

அடுத்து புல்லுருவி. பொன் அரிவாள், வெள்ளை அங்கி, ஆறாம் பிறை என்று கட்டுரை வர்ணித்தது முழுவதும் பிளினி என்ற ஒரே ரோமானிய ஆசிரியரின் ஒரே பத்தி. கி.பி. 79இல் இறந்தவர் அவர். அவர் எழுதியபோது ட்ரூயிடுகள் ஏற்கனவே தடை செய்யப்பட்டவர்கள். அவர் தரும் வரிசை இது: ஓக் மரத்தில் புல்லுருவி காணப்படுவது அரிது, கண்டால் பிறையின் ஆறாம் நாளில் போவார்கள், மரத்தடியில் பலிக்கும் விருந்துக்கும் ஏற்பாடு, அதுவரை கொம்பில் கயிறு படாத இரண்டு வெள்ளைக் காளைகள், வெள்ளாடை அணிந்த குரு மரமேறிப் பொன் அரிவாளால் வெட்டுவார், கீழே வெள்ளைத் துணியில் ஏந்துவார்கள், பிறகு காளைகள் பலி. அதைக் கலந்து குடித்தால் மலட்டுக் கால்நடை சினைப்படும், எல்லா நஞ்சும் முறியும் என்று நம்பினார்கள். பொன் மென்மையான உலோகம்; புல்லுருவித் தண்டோ கட்டைபோலத் தடித்தது. முலாம் பூசிய வெண்கலமாக இருந்தால் வெட்டும். அல்லது பிளினிக்குச் சொன்னவர் பளபளப்பைப் பார்த்துப் பொன் என்றிருப்பார். ஐரோப்பியப் புல்லுருவியை மருந்து என்று கட்டுரை எழுதியிருப்பதால் ஒன்று சேர்க்க வேண்டும்: அதன் இலையும் பழமும் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

திருவிழாக்கள் பகுதிதான் அதிகமாகத் திருத்தம் கேட்கிறது. காலியரின் காலக் கணக்குக்கு நேரடிச் சான்று ஒன்று இருக்கிறது. கட்டுரை அதைத் தொடவே இல்லை. 1897இல் பிரான்ஸின் கொலினி கிராமத்தில் ஒரு வயலில் கிடைத்த வெண்கலப் பலகை அது. முழுமையாக இருந்தபோது ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம், பதினாறு பத்திகள். உடைந்த துண்டுகளாக ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. எழுத்து ரோமானியம், மொழி காலிய மொழி. இப்போது லியோன் நகரின் ஃபூர்வியேர் குன்றிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் ஐந்து ஆண்டுகளுக்கான நாட்கள் வரிசையாக உள்ளன. மாதங்கள் பன்னிரண்டு, சமோனியோஸில் தொடங்கி காண்ட்லோஸில் முடியும். ஒவ்வொரு மாதமும் இரு பாதி: முதல் பாதி 15 நாள், இரண்டாம் பாதி 14 அல்லது 15 நாள், நடுவில் "அட்டெனூக்ஸ்" என்று கோடு பிரிக்கிறது. 30 நாள் மாதத்துக்கு "மட்" என்றும் 29 நாள் மாதத்துக்கு "அன்மட்" என்றும் தலைப்பு. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் சிறு துளை. முளையை அன்றாடம் ஒரு துளை நகர்த்தி இன்று எந்த நாள் என்று காட்டியிருப்பார்கள்.

பிறைக் கணக்கையும் சூரியக் கணக்கையும் சேர்க்க அவர்கள் செய்த வழியைப் பாருங்கள். ஐந்து ஆண்டில் இரண்டு மிகுமாதங்கள், அதாவது கூடுதலாகச் சேர்த்த மாதங்கள்: ஒன்று முதல் ஆண்டின் தொடக்கத்தில், மற்றது மூன்றாம் ஆண்டின் நடுவில். ஆக 62 மாதங்கள். 62 பிறை மாதம் என்றால் ஏறத்தாழ 1,831 நாள். ஐந்து சூரிய ஆண்டு 1,826 நாள். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நாள் அளவுக்கு நாள்காட்டி பருவத்தை விட்டு விலகும். ஆறு சுற்றில், அதாவது முப்பது ஆண்டில், விலகல் சுமார் 28 நாள். ஒரு மிகுமாதத்தை விட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும். அதே பிளினி, காலியர் முப்பது ஆண்டை ஒரு யுகமாக எண்ணுவார்கள் என்றும், மாதமும் ஆண்டும் யுகமும் ஆறாம் பிறையில் தொடங்கும் என்றும் எழுதியிருக்கிறார். இந்தப் பொருத்தத்தைப் பார்க்கும்போது அந்தப் புல்லுருவிப் பத்திக்குமே மதிப்புக் கூடுகிறது. எழுதாமல் மனப்பாடமாகக் கற்றவர்கள் வானத்தை எவ்வளவு கவனமாக எண்ணினார்கள் என்பதற்கு இந்தப் பலகையே சாட்சி.

சமோனியோஸ் மாதத்தின் 17ஆம் நாளில் மூன்று இரவு விழா ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. இதை அயர்லாந்தின் சௌவின் விழாவோடு இணைத்து நவம்பர் 1 என்று எழுதிவிடுகிறார்கள். சமோனியோஸ் குளிர்காலத் தொடக்கமா, கோடையா என்பதிலேயே அறிஞர்கள் இன்னும் இரு பக்கமாக நிற்கிறார்கள். சௌவின், இம்போல்க், பெல்டேன், லூனஸா ஆகிய நான்கும் உண்மையான அயர்லாந்து விழாக்கள். ஆனால் நாம் அவற்றை அறிவது இடைக்கால அயர்லாந்து எழுத்திலிருந்து. பெல்டேனில் ட்ரூயிடுகள் இரண்டு தீ மூட்டி, நோய் அண்டாமலிருக்கக் கால்நடைகளை நடுவே ஓட்டுவார்கள் என்ற செய்தி கி.பி. 900 வாக்கில் தொகுத்த ஒரு சொல்லகராதியில் இருக்கிறது. இந்த நான்கோடு இரு கதிர்த்திருப்பத்தையும் இரு சமபகல் நாளையும் சேர்த்து எட்டாக்கி "ஆண்டுச் சக்கரம்" என்று அமைத்தது 20ஆம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தில், கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாடுகளைப் புதுப்பிக்க முனைந்த புதிய பாகன் (pagan) இயக்கத்தார். பதின்மூன்று மாத "கெல்ட்டிய மர நாள்காட்டி" 1948இல் ஓர் ஆங்கிலக் கவிஞர் உருவாக்கியது. கொலினிப் பலகையில் பன்னிரண்டு மாதம். மரங்களின் பெயர் வரிசையும் இல்லை. இன்றைய பாகன் இயக்கத்தினர் தங்கள் விழாவைக் கொண்டாடுவதில் தவறேதும் இல்லை. அதைப் பண்டைய வழக்கம் என்று நாம் அச்சிடுவதில்தான் தவறு.

தெய்வங்களைப் பற்றிக் கட்டுரை தந்த குடும்ப மரம் முழுக்க அயர்லாந்துக் கதைகளிலிருந்து எடுத்தது. கல்வெட்டுகள் காட்டும் நிலை வேறு. முந்நூறுக்கும் மேற்பட்ட தெய்வப் பெயர்கள் கிடைத்துள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே ஒரு முறைதான் வருகின்றன. ஓர் ஊற்றுக்கு, ஒரு மலைக்கு, ஒரு குலத்துக்கு உரிய தெய்வங்கள் அவை. சீசர் காலியரின் தெய்வங்களை மெர்குரி, அப்போலோ, மார்ஸ், ஜூபிடர், மினர்வா என்று ரோமானியப் பெயராலேயே சொல்லி, மெர்குரிக்கே அதிக வழிபாடு என்கிறார். உள்ளூர்ப் பெயர் ஒன்றைக்கூடத் தரவில்லை. பல ஊர்களில் வணங்கப்பட்டவர்களும் உண்டு: குதிரைகளின் தேவி எப்போனா, ரைன் கரையில் மூவராக அமர்ந்திருக்கும் அன்னையர், சக்கரம் ஏந்திய இடி தெய்வம்.

மான்கொம்புத் தெய்வம் செர்னுன்னோஸைக் "கெல்ட்டியரின் முழுமுதற் கடவுள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயர் பொறித்த உருவம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. டைபீரியஸ் பேரரசர் காலத்தில், அதாவது கி.பி. 14க்கும் 37க்கும் இடையே, பாரிசி குலத்தின் படகோட்டிகள் நிறுத்திய தூண் அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோத்ர்தாம் தேவாலயத்தின் அடியில் கிடைத்து, இன்று பாரிஸின் க்ளுனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே தூணில் ரோமானியத் தெய்வங்களான ஜூபிடரும் வல்கனும், காலியத் தெய்வம் ஈசுஸும், மூன்று கொக்குகள் அமர்ந்த காளையும் உண்டு. தாங்கள் பக்கத்தில் போட்டிருந்த வெள்ளிக் கொப்பரை டென்மார்க்கின் குண்டெஸ்ட்ரூப்பில் 1891இல் சதுப்பிலிருந்து வெட்டியெடுத்தது. கிட்டத்தட்ட 9 கிலோ எடை, 69 சென்டிமீட்டர் விட்டம், தகடு தகடாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கையில் கழுத்து வளையமும் மறு கையில் ஆட்டுக்கொம்புப் பாம்பும் பிடித்து அமர்ந்திருப்பவருக்குப் பெயர் எழுதப்படவில்லை. வேலைப்பாடு டான்யூப் ஆற்றின் கீழ்ப்பகுதியைச் சேர்ந்த திரேசியத் தட்டார்களுடையதைப் போன்றது என்பது வலுவான கருத்து. கிடைத்த இடமோ கெல்ட்டியர் வாழாத டென்மார்க்கின் ஜட்லாண்ட். "செர்னுன்னோஸ்" என்று மட்டும் தலைப்பிட்டால் இவ்வளவும் மறைந்துபோகிறது.

சாதாரண மக்களின் வழிபாட்டைக் கட்டுரை தொடவில்லை. மத்திய பிரான்ஸின் ஷமலியேர் ஊற்றில் 1968 முதல் தோண்டியபோது ஆயிரக்கணக்கான மரச் செதுக்கல்கள் கிடைத்தன: கால், கை, கண் பொறித்த பலகை, முக்காடிட்ட யாத்ரீகர் உருவம். நோய் தீர வேண்டிச் செலுத்திய நேர்த்திக்கடன்கள், கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி. நீரில் மூழ்கிக் காற்றுப் படாமல் இருந்ததால்தான் மரம் பிழைத்தது. அப்படியே வெயிலில் உலர்த்தினால் உள்ளிருக்கும் நீர் போய்ச் சுருங்கி வெடித்துவிடும், எனவே எடுத்த கணத்திலிருந்து ஈரத்தில் வைத்துத்தான் பதப்படுத்த வேண்டும். வறண்ட மண்ணில் இருந்த கோயில்களில் இப்படி எத்தனை ஆயிரம் மக்கிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1971இல் அதே ஊற்றில் மபோனோஸ் தெய்வத்தை அழைக்கும் காலிய மொழி ஈயத் தகடும் கிடைத்தது. "ட்ரூயிடுகள் எழுதவில்லை, ஆகவே கெல்ட்டியரின் சமய எழுத்து எதுவும் இல்லை" என்ற தங்கள் வரியை அந்தச் சிறு தகடு ஒன்றே மறுக்கிறது.

இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்று இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. 46 பாகை வெப்பத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பொங்கும் ஊற்று. உள்ளூர்த் தெய்வம் சூலிஸ். ரோமானியர் வந்தபின் சூலிஸ் மினர்வா ஆனாள். ஊற்றிலிருந்து 130 வரை ஈயத் தகடுகள் எடுக்கப்பட்டன. ஈயமும் தகரமும் கலந்து உருக்கி, தட்டி மெல்லிதாக்கி, எழுத்தாணியால் கீறி, சுருட்டி நீரில் போட்டார்கள். பொருள் திருடியவனைத் தண்டிக்கும்படி தேவியிடம் முறையீடு. திருடன் யாரென்று தெரியாததால் "ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ" என்று யாரும் தப்பாதபடி வாசகம் போடுவார்கள். டோசிமெடிஸ் என்பவர் தம் இரண்டு கையுறைகள் போய்விட்டன, எடுத்தவன் புத்தியையும் கண்களையும் இழக்க வேண்டும் என்கிறார். வேறு தகடுகளில் மேலங்கி, குளியல் உடை, காசு. தேவியை நீதிபதியாக நம்பி வந்த எளியவர்களின் குரல் இப்படி நேராகக் கேட்பது பழங்காலச் சமயங்களில் மிக அரிது.

மறுபிறவி பற்றிய பகுதியில் ஒரு குறிப்பு. ஆன்மா அழியாமல் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்லும் என்று சீசர் சொல்கிறார். கிரேக்கர்கள் இதைப் பித்தாகரஸ் கொள்கை என்று தங்களுக்குத் தெரிந்த பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்கள். கல்லறைகள் வேறு திசையைக் காட்டுகின்றன. ஜெர்மனியின் ஹோக்டோர்ஃபில் 1978, 79இல் தோண்டிய கி.மு. 530 வாக்கிலான கல்லறையில், சக்கரம் வைத்த வெண்கலக் கட்டிலில் தலைவர் ஒருவர் கிடத்தப்பட்டிருந்தார். நான்கு சக்கர வண்டி, 500 லிட்டர் கொள்ளும் வெண்கலக் கொப்பரையில் தேன் மது, ஒன்பது குடிகொம்புகள், ஒன்பது தட்டுகள். இங்கிருப்பது விருந்துக்கான முழு ஏற்பாடு. மறு உலகில் இதே வாழ்வு தொடரும் என்ற எண்ணம். காலியர் மறு உலகில் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடன் வாங்குவார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் வலேரியஸ் மாக்சிமஸ் எழுதியதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஹோக்டோர்ஃப் தலைவருக்கும் சீசருக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு. ஒன்றால் மற்றதை நிரூபிக்க முடியாது.

அகழாய்வாளர்களும் தவறியிருக்கிறார்கள். தென் ஜெர்மனியின் நாற்கோண வளாகங்களில் ஆழமான குழிகளைக் கண்டு, பாதாளத் தெய்வத்துக்குப் பலியிடும் குழிகள் என்று பல காலம் எழுதினார்கள். ஃபெல்பாக்-ஷ்மிடெனில் ஓக் பலகை அடித்த அப்படியொரு குழியின் அடியில் வாளியின் பாகங்கள் கிடைத்தன, அது கிணறு. மரவளையக் கணக்குப்படி கி.மு. 123இல் வெட்டிய மரம். அழகான மான், ஆடு மரச் சிற்பங்களும் அதில் இருந்தன. அவை கிணறு கைவிடப்பட்டபோது விழுந்தவை. சிற்பம் சடங்குக்குரியதாக இருக்கலாம், குழி குடிநீருக்கானது.

கடைசியாக, கி.பி. 60இல் மோனா தீவில் ட்ரூயிடுகளைக் கொன்றதோடு சமயமே முடிந்துவிட்டது என்ற வரி. இன்றைய ஆங்கிள்சி தீவுதான் மோனா. பிரிட்டனின் ரோமானிய ஆளுநர் சூட்டோனியஸ் பாலினஸ் படையோடு கடந்தபோது, கறுப்புடைப் பெண்கள் தீப்பந்தத்தோடு ஓடியதையும், ட்ரூயிடுகள் கைகளை உயர்த்திச் சபித்ததையும், பின்னர் சோலைகள் வெட்டப்பட்டதையும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஆண்டு 60 அல்லது 61. அதற்கு முன்பே கிளாடியஸ் பேரரசர் காலியாவில் ட்ரூயிட் வழிபாட்டைத் தடை செய்திருந்தார். தடை குருமாருக்குத்தான், தெய்வங்களுக்கு இல்லை. எப்போனாவை ரோமானியக் குதிரைப் படையே தன் இலாயங்களில் வணங்கியது. இத்தாலியில் கிடைத்த ஒரு நாள்காட்டியில் டிசம்பர் 18 அவள் நாள். சதுரக் கருவறையும் சுற்று நடையும் கொண்ட காலிய-ரோமானியக் கோயில்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. பாத் ஊற்றில் திருடனைச் சபிக்கும் தகடுகள் 4ஆம் நூற்றாண்டிலும் விழுந்துகொண்டிருந்தன.

திருத்தம் வெளியிடுவதானால், 1676ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொலினிப் பலகையின் படத்தைப் போட வேண்டுகிறேன். கீழே "காலிய நாள்காட்டி, வெண்கலம், கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கொலினி, பிரான்ஸ்" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்